ஷோகேஸுக்குள் குதித்த பபூன்... ஊர் ஊராக இடம் தேடிய ஜெரால்டு டரெல் கதை!

கிறிஸ்துமஸ் ஷாப்பிங்குக்கு ஒரு பெரிய கடைக்குப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. பேஸ்மென்ட்டுக்கு இறங்கினா துணிமணிக்குப் பதிலா கூண்டு கூண்டா ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகள்! 1957-ல் இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரத்தில் ஜே.ஜே. ஆலன் கடைக்குப் போனவங்களுக்கு இதுதான் நடந்தது. குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தாங்க. எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஜார்ஜினா என்ற பபூன் குரங்கு கூண்டிலிருந்து தப்பிக்கும் வரை. அது நேராகக் கடையின் ஷோகேஸுக்குள் புகுந்து அலங்காரத்தைக் கலைக்க, வெளியே தெருவில் கூட்டம் கூட, கடைசியில் போலீஸும் வந்து சேர்ந்தது.

இந்தக் கண்காட்சியை நடத்தியவர் ஜெரால்டு டரெல். `எதுக்கு இந்த வேண்டாத வேலை?'ன்னு நீங்க கேட்கலாம். அவருக்கு வேற வழி இல்லை என்பதுதான் உண்மை.

பிறந்தது நம்ம ஜாம்ஷெட்பூரில்!

1925 ஜனவரி 7-ல் ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர் டரெல். அப்பா இன்ஜினீயர். டரெலுக்கு மூணு வயசு இருக்கும்போதே அவர் இறந்துட, குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1935-ல் அங்கிருந்து கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்கு ஜாகை மாறினாங்க. பள்ளிக்கூடம்னு பெருசா எதுவும் கிடையாது. தியோடர் ஸ்டெஃபனிடிஸ் என்ற மருத்துவர்தான் பூச்சி, பல்லி, ஆமை எல்லாவற்றையும் எப்படிக் கவனிக்கணும்னு சொல்லிக்கொடுத்தார். டிகிரி இல்லாத அந்தப் பையனுக்கு அதுதான் யுனிவர்சிட்டி.

1945-ல் விப்ஸ்நேடு மிருகக்காட்சி சாலையில் வேலை. 21 வயசானதும் அப்பா விட்டுப்போன பணத்தில் 3,000 பவுண்டு கைக்கு வந்தது. வேற யாரா இருந்தாலும் வீடு வாங்கியிருப்பாங்க. இவர் கேமரூன் காட்டுக்குக் கப்பல் ஏறினார். விலங்குகளைப் பிடித்து வந்து மிருகக்காட்சி சாலைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். மூணே பயணத்தில் மொத்தப் பணமும் காலி. மனைவி ஜாக்கியின் நச்சரிப்பில்தான் எழுத உட்கார்ந்தார். 1953-ல் வந்த முதல் புத்தகமே ஹிட். 1956-ல் கோர்ஃபு நாட்களைப் பற்றி எழுதிய புத்தகம் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இடம் கிடைக்காத விலங்குகள்

ஆனா, ஒரு விஷயம் அவரை உறுத்திக்கிட்டே இருந்தது. மிருகக்காட்சி சாலைகளுக்குக் கூட்டத்தை இழுக்கும் சிங்கம், யானை வேணும். அழிந்துகொண்டிருக்கும் சின்னச் சின்ன உயிர்களை யாரும் சீண்டவே இல்லை. அதனால் 1957-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த விலங்குகளை அவர் யாருக்கும் கொடுக்கலை. அக்கா மார்கரெட் வீட்டுத் தோட்டத்தில் டென்ட் போட்டு வைத்தார். மிருகக்காட்சி சாலை அமைக்க போர்ன்மவுத்தில் முயற்சி பண்ணியும் இடம் அமையலை. குளிர்காலம் வேற நெருங்கியது. அப்போ கைகொடுத்ததுதான் அந்தக் கடையின் பேஸ்மென்ட். மக்களுக்குக் காட்சி, விலங்குகளுக்குக் கதகதப்பு.

பபூன் நடத்திய கூத்தைப் படிச்சா நமக்குச் சிரிப்பு வருது. ஆனா, அந்த வாரங்கள் அவருக்குப் பெரிய தலைவலி. பொறுப்பேற்ற உயிர்களுக்கு நிரந்தரமா ஒரு கூரை இல்லை.

கடைசியில் வழி பிறந்தது ஜெர்ஸி தீவில். அங்கிருந்த லெஸ் ஓக்ரே என்ற பழைய மாளிகை வாடகைக்குக் கிடைக்க, பதிப்பாளர் உத்தரவாதம் கொடுக்க, வங்கிக் கடனில் 1959 மார்ச்சில் மிருகக்காட்சி சாலை திறந்தது. 1963-ல் அதை ஓர் அறக்கட்டளையாக மாற்றினார். சின்னம் என்ன தெரியுமா? அழிந்தே போன டோடோ பறவை.

வேடிக்கை இல்லை, வைத்தியம்

அங்கே ரூல் சிம்பிள். அழியும் நிலையில் உள்ள விலங்குகளைக் காப்பாற்றி, இனப்பெருக்கம் செய்யவைத்து, முடிந்தால் காட்டுக்கே திருப்பி அனுப்பணும். பார்க்க வருபவர்களின் டிக்கெட் காசு அதுக்கு உதவணும். `விலங்குகளை அடைத்து வைக்கலாமா?' என்ற கேள்வியை அவர் தவிர்க்கலை. பல மிருகக்காட்சி சாலைகள் மோசமா நடக்குதுன்னு அவரே வெளிப்படையாத் திட்டினார். ஆஸ்பத்திரி மாதிரி அவசியத்துக்கு மட்டுமே அவை இருக்கணும் என்பது அவர் கட்சி.

பலன்? 1974-ல் மொரீஷியஸ் வல்லூறுகள் காட்டில் வெறும் நாலுதான் இருந்தன. பலரோடு சேர்ந்து டரெலின் அறக்கட்டளையும் உழைத்ததில் அந்த இனம் மீண்டது. வெளிநாடுகளிலிருந்து இளைஞர்களை ஜெர்ஸிக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்து, அவங்க ஊர்க் காடுகளுக்கே திருப்பி அனுப்பினார்.

1986-ல் ஒரு சிறுவன் கொரில்லாக்களின் இடத்துக்குள் தவறி விழுந்தான். எல்லாரும் பதற, ஜாம்போ என்ற ஆண் கொரில்லா அவனை ஒண்ணும் செய்யாமல், பக்கத்தில் காவல் நின்றது. அந்த வீடியோவைப் பார்த்த உலகம் கொரில்லாவைப் பார்க்கும் பார்வையே மாறியது.

1995 ஜனவரி 30-ல், 70 வயதில் டரெல் இறந்தார். அதே ஆண்டு, உலகின் மிகச் சிறிய காட்டுப்பன்றியைக் காப்பாற்ற அசாமில் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் அவர் அறக்கட்டளையும் பங்காளி. 2008 முதல் அந்தக் குட்டிப் பன்றிகள் மறுபடியும் புல்வெளிக்குத் திரும்பிக்கிட்டிருக்கு. ஜாம்ஷெட்பூர் பையன் பிறந்த நாட்டுக்குச் செய்த கைமாறுன்னு வெச்சுக்கலாம்.

அடுத்த முறை எங்கேயாவது மலைப்பாம்பைத் தோளில் போட்டு செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டா, டரெல் தனக்குத்தானே கேட்டுக்கிட்ட அதே கேள்வியைக் கேளுங்க: இதனால் இந்த விலங்குக்கு என்ன லாபம்? பதில் இல்லைன்னா, போனை பாக்கெட்டில் வெச்சுட்டு நடையைக் கட்டுங்க!