துடைப்பம் எடுத்த அம்மையார்

வேலம்பாளையத்தில் வரிசை வீடுகள் பல உண்டு. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் அவற்றில் வாழ்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் கடுங்காய்ச்சல் என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் வயிற்றில் புளி கரையும்.

காய்ச்சலுக்கே இப்படி. பிளேக் வந்தால்?

கோவை வட்டாரம் அந்தக் கொடுமையையும் பார்த்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே பிளேக் கல்கத்தாவில் புகுந்தது. அங்கே ஒரு பெண்மணி தம் தெருக்காரர்களைத் திரட்டி அதை எதிர்த்து நின்றார். அவர் அந்த ஊரில் பிறந்தவர் அல்ல. இந்த நாட்டிலேயே பிறந்தவர் அல்ல.

அவர்தான் சகோதரி நிவேதிதா.

அயர்லாந்துப் பெண்

அயர்லாந்தில் டங்கானன் என்ற ஊரில், 1867 அக்டோபர் 28-ந் தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மார்கரெட் நோபிள். தந்தை பாதிரியார். மகள் பள்ளி ஆசிரியை ஆனார்.

1895-ல் லண்டனில் விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். 1898 ஜனவரியில் கப்பலேறி வந்து கல்கத்தாவில் இறங்கினார். நிவேதிதா என்று பெயர் சூட்டியவர் விவேகானந்தரே.

பாக்பஜார் என்ற பகுதியில், போஸ்பாரா சந்தில் ஒரு வீடு பிடித்தார். அங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். ஆசாரம் மிகுந்த தெரு அது. அவர் வீட்டு வேலைக்காரக் கிழவிகூட அவரை அடுப்படிக்குள் விடமாட்டாள். வெள்ளைக்காரி தொட்டால் தீட்டு!

இந்தத் தெருவைத்தான் அவர் திரட்ட வேண்டியிருந்தது.

இரண்டு பயம்

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த ஆண்டு புனாவில் அரசாங்கம் சிப்பாய்களை வீடு வீடாக அனுப்பியது. அவர்கள் பூஜை அறைக்குள்ளும் நுழைந்தார்கள். ஜனங்கள் கொதித்தார்கள். அதிகாரி ராண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தச் செய்தி கல்கத்தாவுக்கும் எட்டியிருந்தது. ஆகவே 1898-ல் அங்கே நோய் தலைகாட்டியதும் மக்களுக்கு இரண்டு பயம். ஒன்று பிளேக். மற்றொன்று சர்க்கார். கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். பணம் போதாவிட்டால், மடத்துக்காக வாங்கிய நிலத்தையே விற்று உதவத் தயாராக இருந்தார் விவேகானந்தர்.

மறு ஆண்டு நோய் மீண்டும் பரவியது. 1899 மார்ச் 31-ந் தேதி ராமகிருஷ்ண மிஷன் நிவாரண வேலையைத் தொடங்கியது. காரியதரிசி நிவேதிதா. களத்தில் தலைமை சுவாமி சதானந்தர். துப்புரவுத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு, குடிசைப் பகுதிகளில் பல நாள் மண்டிக் கிடந்த குப்பையை அள்ளினார்கள்.

எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைப் பரப்புகிறது. அன்று அது எல்லோருக்கும் தெரியாது. ஆனால் குப்பை போனால் எலியும் குறையும் அல்லவா?

வேலை பெரிது, கைகள் குறைவு. ஏப்ரல் 22-ந் தேதி ஒரு நாடகக் கொட்டகையில் கூட்டம் நடந்தது. மாணவர்களின் கடமையைப் பற்றி நிவேதிதா பேசினார். சுமார் 15 மாணவர்கள் முன்வந்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். சுத்தமாக இருப்பது எப்படி என்று எடுத்துச் சொன்னார்கள். அடித்து விரட்ட வந்த சிப்பாய்கள் அல்லவே. வீட்டுக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

ஒரு நாள் தெருவைக் கூட்ட ஆள் இல்லை. நிவேதிதா யாரையும் கூப்பிடவில்லை. தாமே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். திண்ணையில் இருந்த வாலிபர்கள் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடி வந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் பெரிய சரித்திர ஆசிரியராக விளங்கிய ஜாதுநாத் சர்க்கார், அவர் தெருக் கூட்டிய காட்சியைக் கண்ணால் கண்டவர்.

குடிசைக்குள் குழந்தை

டாக்டர் ராதாகோவிந்த கர் அந்தப் பகுதியில் வைத்தியம் பார்த்து வந்தார். இன்று கல்கத்தாவில் அவர் பெயரால் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் காலை, சேரியில் பிளேக் கண்ட குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார். பகலில் நிவேதிதா அவர் வீட்டுக்கே வந்து அந்தக் குழந்தையைப் பற்றி விசாரித்தார். ஜாக்கிரதையாக இருக்கும்படி டாக்டர் எச்சரித்தார்.

மாலையில் டாக்டர் மறுபடி சேரிக்குப் போனார். ஈரம் கசியும் குடிசை. உள்ளே, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நிவேதிதா! குழந்தைக்குத் தாய் இல்லை. இரவும் பகலும் அவரே கவனித்தார். குடிசைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்தது. சிறு ஏணி வைத்து ஏறி அவரே அடித்தார்.

குழந்தை பிழைக்கவில்லை. அவரைத் தாய் என்றே எண்ணி, அம்மா என்று அழைத்தபடி அவர் கையிலேயே உயிர்விட்டது.

அந்த நாட்களில் அவருக்குப் பாலும் பழமுமே முக்கிய ஆகாரம். ஒரு நோயாளியின் மருந்துச் செலவுக்காக அந்தப் பாலையும் நிறுத்திவிட்டார்.

1906-ல் கிழக்கு வங்காளத்தில் பஞ்சமும் வெள்ளமும் சேர்ந்து வந்தன. பாரிசால் கிராமங்களுக்கு அவர் நேரில் போய் வீடு வீடாக விசாரித்தார். திரும்பியதும் மலேரியாவில் படுத்தார். அதன் பிறகு உடம்பு பழைய நிலைக்கு வரவே இல்லை.

நம் பாரதியார் கல்கத்தாவில் அவரைச் சந்தித்துக் குருவாக ஏற்றார். 1908-ல் வெளிவந்த தம் பாட்டுப் புத்தகத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1911 அக்டோபர் 13-ந் தேதி, டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானார். 44 வயது நிறைய இன்னும் 15 நாள் இருந்தது. அவர் தொடங்கிய பெண்கள் பள்ளி பாக்பஜாரில் இன்றும் நடக்கிறது.