ஓர்க்கிட்டுக்குப் பெயர் வைத்த துவைட்ஸ்

நான் பத்தாம் ஆண்டில் படித்தபோது என் மாமா வயலிலிருந்து வரும்போது சாக்கு ஒன்றில் ஒரு செடியைக் கொண்டுவந்தார். வாய்க்கால் ஓரத்தில் நின்ற பெரிய மருத மரத்தை யாரோ தறித்துவிட்டார்களாம். விழுந்த கிளையில் ஒட்டியிருந்த செடியைப் பிய்த்தெடுத்து வந்திருந்தார். தடித்த, நாடா போன்ற இலைகள். விரல் பருமனில் வேர்கள். முற்றத்து மாமரத்தில் தும்புக் கயிற்றால் கட்டினோம். முதல் வருடம் ஒரு பூங்கொத்து தொங்கியது. வெள்ளைப் பூக்களில் ஊதாப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. நரியின் வால் மாதிரி இருக்கிறதே என்று உம்மம்மா சிரித்தார். அடுத்த வருடம் இலைகள் மஞ்சளாகின. அதற்கடுத்த மழைக்குள் செடி செத்துவிட்டது.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிறகுதான், கல்லூரி நூலகத்தில் இலங்கை ஓர்க்கிட்டுகளைப் பற்றிய புத்தகம் ஒன்றில் அந்தச் செடியை மீண்டும் கண்டேன். அதன் பெயர் றிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. பொதுப் பெயர் மட்டக்களப்பு ஓர்க்கிட்! எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பூவை எங்கள் வீட்டிலேயே சாகவிட்டிருக்கிறோம். இந்தியாவின் அசாம் மாநிலத்துக்கு இதுவே மாநில மலர். பிஹு பண்டிகையில் அங்குள்ள பெண்கள் கூந்தலில் சூடுவார்கள். நமக்கோ அப்படி ஒரு பூ இருப்பதே தெரியாது.

அதே புத்தகத்தில் வெசாக் ஓர்க்கிட்டின் பெயருக்குப் பின்னால் துவைட்ஸ் என்று எழுதியிருந்தது. ஒரு தாவரத்தை முதலில் விவரித்துப் பெயரிட்டவரின் பெயரைக் கடைசியில் சேர்ப்பது வழக்கம் என்று ஆசிரியை விளக்கினார். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன்.

ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவைட்ஸ் 1812 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். தொழில் கணக்காளர். பேரேடுகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தையெல்லாம் நுணுக்குக்காட்டியின் முன்னால் செலவழித்தார். எங்கள் பாடப் புத்தகத்தில் வரும் டயற்றம்களை அக்காலத்தில் பலர் விலங்குகள் என்று நினைத்தார்கள். அவை ஒன்றோடொன்று இணைந்து இனம்பெருக்குவதை 1840களில் கண்டு, அவை அல்காக்களே என்று காட்டியவர்களில் இவர் முக்கியமானவர்.

1849 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த கார்ட்னர் திடீரென இறந்துபோக, அந்த இடத்துக்குத் துவைட்ஸ் வந்தார். அப்போது வயது 37. அதன்பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. திருமணமும் செய்யவில்லை. 30 வருடங்களுக்கு மேலாக அதே பூங்காவில், காடுகளிலிருந்து வந்த செடிகளை உலர்த்தி, எண்ணிட்டு, விவரித்து, உலகின் பல உலர்தாவரச் சாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இலங்கைத் தாவரங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்தி இலத்தீனில் அவர் எழுதிய நூல் 1858 இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1864 இல் முடிந்தது. அடுத்த வருடம் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பூங்காவில் ஹாரமானிஸ் டி அல்விஸ் என்ற சிங்களச் சித்திரகாரரும் இருந்தார். துவைட்ஸ் வருவதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அவர் தாவரங்களை வரைந்துகொண்டிருந்தார். செடியின் பெயருக்குப் பின்னால் சித்திரகாரரின் பெயரை யாரும் சேர்ப்பதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெசாக் ஓர்க்கிட்டின் படமும் விவரமும் 1855 இல் இங்கிலாந்துச் சஞ்சிகை ஒன்றில் வந்தன. அன்றைய குடியேற்றச் செயலாளரின் மனைவியான மக்கார்த்தி சீமாட்டியின் பெயரைத் துவைட்ஸ் அதற்குச் சூட்டியிருந்தார். மே மாதத்தில் பூப்பதால் சிங்கள மக்கள் அதை வெசாக் மல் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

துவைட்ஸின் வாழ்க்கையில் என்னைச் சங்கடப்படுத்திய பகுதி இனித்தான் வருகிறது. அவர் பெயரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்காக வெட்டி எரிக்கப்பட்டன. அவரும் அந்த அரசாங்கத்தின் ஊழியரே. தோட்டத்துரைமாருக்கு உதவுவது அவர் கடமை. 1861 இல் சிங்கோனா வளர்ப்பதற்காக ஹக்கல பூங்கா திறக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். ஒரு கையால் காட்டுச் செடிகளைப் பதிந்துகொண்டு, மறு கையால் தோட்டங்களுக்கு நாற்றுக் கொடுத்தார்.

1869 இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படரத் தொடங்கியது. துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, புதிய பங்கசு என்று அங்கே உறுதியானது. பெரிய அழிவு வரும் என்று அவர் எச்சரித்தார். தோட்டக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் இலங்கைக் கோப்பி அடியோடு போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1873 இல் ஒரு முக்கியமான விடயம் நடந்தது. துவைட்ஸின் நூலுக்குத் துணைநின்றவரும் அவருடன் நீண்டகாலம் கடிதத் தொடர்பில் இருந்தவருமான ஜோசப் ஹூக்கர் அப்போது இலண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர். இலங்கையில் 5000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று அவர் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதினார். அதற்குப் பேராதனையிலிருந்து போன கடிதங்களும் காரணமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று நிற்பதற்கு அந்தக் கோடு பெரிய காரணம். 2010 இல் யுனெஸ்கோ அவற்றை நக்கிள்ஸ் மலைத்தொடருடன் சேர்த்து உலக மரபுரிமையாக்கியது.

ஆனால் வெசாக் ஓர்க்கிட் 5000 அடிக்கு மேலே வளர்வதில்லை. அது தென்மேற்கின் தாழ்நில மழைக்காட்டுப் பூ. துவைட்ஸ் பெயரிட்ட பூ கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டது. 1875 இல் சிங்கராஜ வனம் ஒதுக்கப்பட்டதால் தாழ்நிலக் காட்டில் ஒரு துண்டாவது மிஞ்சியது. மற்ற இடங்களில் காடும் போனது, எஞ்சிய செடிகளை அழகுக்காகப் பிடுங்கி விற்றும் தீர்த்தார்கள். இன்று அது அருகிவரும் இனம்.

செடியை மட்டும் எடுத்து வீட்டில் வைத்தால் போதாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். ஓர்க்கிட்டின் விதை தூசி போன்றது. அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. மரப்பட்டையிலோ மண்ணிலோ உள்ள ஒரு வகைப் பங்கசு ஊட்டினால்தான் முளைக்கும். இதைப் பிரான்சின் நோயல் பெர்னார்ட் கண்டறிந்தது 1899 இல். நுணுக்குக்காட்டியோடு வாழ்ந்த துவைட்ஸ் அதற்கு 17 வருடங்களுக்கு முன்பே, 1882 செப்டெம்பர் 11 இல் கண்டியில் இறந்துவிட்டார். கோப்பியைக் கொன்ற பங்கசைப் பார்த்த மனிதர், ஓர்க்கிட்டை வளர்க்கும் பங்கசை அறியாமலே போனார். எங்கள் மாமரத்தில் பூத்த செடி இன்னும் பல வருடங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் அதன் விதைகளுக்கு மருத மரத்தின் பட்டையில் இருந்த துணை கிடைத்திருக்குமோ என்னவோ.

எங்கள் வாவிக்கரை கடல் மட்டத்தில் இருக்கிறது. அந்த 5000 அடிக் கோடு நமக்கு எட்டாது. 1954 இல் கல்லோயாவும் 1983 இல் மதுறு ஓயாவும் தேசியப் பூங்காக்களாகின. இரண்டுமே மேற்கே உள்நாட்டில் இருக்கின்றன. வாய்க்கால் ஓரத்து மருதுக்கும் வயல் நடுவே நிற்கும் பாலைக்கும் எந்த வேலியும் இல்லை. அவற்றைத் தறிப்பதும் விடுவதும் வயல்காரர்களின் கையில்தான்.

துவைட்ஸின் கதையை ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சொன்னேன். உம்மம்மா பாதியில் உறங்கிவிட்டார். மாமா மட்டும் கடைசிவரை கேட்டார். பிறகு, தறிபட்ட மரத்துக்கு அப்பால், வாய்க்கால் திரும்பும் இடத்தில் இன்னொரு மருது நிற்பதாகவும் அதன் கவட்டில் இரண்டு செடிகள் இருப்பதாகவும் சொன்னார். போன மாதம் வாப்பாவும் நானும் அவரோடு போய்ப் பார்த்தோம். இரண்டு அல்ல, ஐந்து இருந்தன. மாமா சாக்குக் கொண்டுவரவில்லை.