காயல் துறையில் மார்க்கோ போலோ

ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்து இறங்கின. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை! ஏன்?

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் காயல்பட்டினம், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி ஆகிய ஊர்களைத் தாண்டினால் பழையகாயல் வரும். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே உள்ள சிற்றூர் அது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் காயல் என்ற பெருந்துறைமுகம் இருந்தது. அங்கே அரபுக் குதிரைகள் ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்கின. அவற்றுக்கு ஈடாகப் பாண்டிய நாட்டின் செல்வம் கப்பலேறிப் போயிற்று.

அந்த வியாபாரத்தை உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ. குப்ளாய் கானின் சபையில் இருந்தவர் என்று அவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நம் கடற்கரையில் குதிரைகள் மாண்ட கதையை எழுத வைத்தவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது.

பதினேழு வயதில் பயணம்

மார்க்கோ போலோ 1254-ல் பிறந்தார். தந்தை நிக்கோலோவும், தந்தையின் சகோதரர் மாஃபியோவும் கிழக்கே வியாபாரத்துக்குப் போய்விட்டார்கள். மார்க்கோ தம் தந்தையின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு வயது பதினைந்து. அதற்குள் தாய் இறந்துவிட்டார்.

1271-ல் மூவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். மலையும் பாலைவனமும் கடந்து, சுமார் 1275-ல் குப்ளாய் கானின் அரண்மனையை அடைந்தார்கள். அங்கே பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

மார்க்கோ வணிகர் வீட்டுப் பிள்ளை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே என்ன விளைகிறது, என்ன விலை விற்கிறது, அரசனுக்கு வரி எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பார். அந்தக் கண்தான் பிற்காலத்தில் காயலின் குதிரைக் கணக்கையும் பார்த்தது.

1292-ல் ஊர் திரும்ப வழி பிறந்தது. பாரசீகத்து மன்னருக்கு மணப்பெண்ணாகக் கோகசின் என்ற இளவரசியைக் கடல் வழியே அனுப்பினார் குப்ளாய் கான். 14 கப்பல்கள் கிளம்பின. சுமத்ராவில் பருவக்காற்றுக்காக ஐந்து மாதம் காத்திருந்து, இலங்கையைக் கடந்து, அரபு வணிகர்கள் மாபார் என்று அழைத்த நம் கரைக்கு வந்தார் மார்க்கோ.

முத்தும் வெற்றிலையும்

அது மாறவர்மன் குலசேகர பாண்டியரின் காலம். பாண்டியர் குடும்பத்தார் பலர் ஒரே சமயத்தில் ஆண்டு வந்தார்கள். ஐந்து சகோதர மன்னர்கள் என்று எழுதுகிறார் மார்க்கோ.

ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை நடக்கும் முத்துக் குளிப்பைப் பற்றி அவர் விவரமாகச் சொல்லியிருக்கிறார். எடுக்கும் முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு! காயல் மக்கள் சுண்ணாம்பும் வாசனைப் பொருள்களும் சேர்த்து வெற்றிலை போடுவதும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஆயினும் அவரைத் திகைக்க வைத்தவை குதிரைகளே.

தோலின்மேல் நின்ற குதிரைகள்

ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் காயலைத் தொட்டன. ஹோர்முஸ் கப்பல்களை மார்க்கோ முன்பே பார்த்திருந்தார். அவற்றில் இரும்பு ஆணி கிடையாது. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பார்கள். மேல்தளமும் இல்லை. சரக்கை ஏற்றி, அதைத் தோலால் மூடி, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்திக் கொண்டுவருவார்கள். புயலில் அகப்பட்டால் பிழைப்பது அரிது.

ஆனை விலை, குதிரை விலை என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் குதிரை விலை உண்மையிலேயே தலை சுற்ற வைத்தது. ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கும் அதிகம் என்கிறார் மார்க்கோ. அரசர் ஒருவர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குவார். அவருடைய நான்கு சகோதரர்களும் அவ்வாறே வாங்குவார்கள். ஐவருக்கும் சேர்த்தால் 10,000 ஆகிறது.

இது கட்டுக்கதை அல்ல. பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாஃப் என்ற சரித்திர ஆசிரியரும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் என்றே குறித்திருக்கிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். மொத்தம் 22 லட்சம் தினார். வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுக்கவேண்டும் என்பது ஒப்பந்தம்!

லாடக்காரன் வரக்கூடாது

இவ்வளவு குதிரைகளும் என்ன ஆயின? ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு இருக்காது என்கிறார் மார்க்கோ. சாவுக்குக் காரணம் போர் அல்ல, பராமரிப்பு இல்லாமை.

குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயில் சமைத்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றைக் கொடுத்தார்கள் என்கிறார் வஸ்ஸாஃப். கொழுக்கவேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்து லாயத்தில் கட்டி வைப்பார்களாம். பிறகு பயிற்சி எதுவும் கொடுக்காமல், ஒரேயடியாக ஏறி ஓட்டுவார்களாம். காற்றாய்ப் பறந்த குதிரை சில நாளில் நடைதளர்ந்து போகும்.

குதிரைக்கு லாடம் கட்டி வைத்தியமும் பார்க்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. அரபு நாட்டில் இருந்தார்கள். ஆனால் குதிரை வணிகர்கள் அவர்களில் ஒருவரையும் உடன் அழைத்து வரவில்லை. தாமாக வர நினைத்தவர்களையும் தடுத்தார்கள். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிடும் அல்லவா? தாமும் வணிகரான மார்க்கோ இந்தத் தந்திரத்தை மூடி மறைக்காமல் எழுத வைத்தார்.

நம்பாத ஊரார்

1295-ல் வெனிஸ் திரும்பியபோது மார்க்கோவுக்கு வயது நாற்பத்தொன்று. பிறகு ஜினோவாக்காரர்களிடம் போர்க்கைதியானார். 1298-ல் சிறையிலே, உடன் இருந்த பீசா நகரத்து எழுத்தாளர் ரஸ்டிசெல்லோவிடம் தம் பயணக் கதையைச் சொன்னார். அதுவே புத்தகமாயிற்று.

பலர் நம்பவில்லை. பொய்யைத் திருத்திக்கொள்ளும்படி மரணப்படுக்கையில் நண்பர்கள் வேண்டினார்கள் என்றும், கண்டதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று அவர் பதில் தந்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1324-ல் அவர் காலமானார். மனைவியையும் மூன்று மகள்களையும் விட்டுச் சென்றார். தம்மிடம் அடிமையாக இருந்த பீட்டர் என்ற தார்த்தாரியரை விடுதலை செய்யும்படி உயிலில் எழுதி வைத்தார்.

அவர் கண்ட காயல் பழையகாயலே என்று வாதித்தவர் கால்டுவெல் பாதிரியார். அந்தக் கரையில் சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டுப் பானை ஓடுகளும் சிதறிக் கிடக்கக் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். காயல்பட்டினம்தான் என்போரும் உண்டு.

இன்று என்ன செய்கிறார்கள்?

குதிரையைக் கடல் கடந்து கொண்டுபோகும் வேலை இன்றும் நடக்கிறது; போருக்காக அல்ல, பந்தயத்துக்காக. 1912 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஈவென்டிங் என்ற போட்டிதான் குதிரைக்கு மிகக் கடுமையான சோதனை. முதலில் நடையும் பணிவும். அடுத்து வேலி, பள்ளம், தண்ணீர் தாண்டி நெடுந்தூர ஓட்டம். கடைசியில் மைதானத்தில் தடை தாண்டுதல். மூன்றையும் ஒரே குதிரை செய்யவேண்டும்.

1996-ல் அட்லாண்டா நகரத்தில் ஒலிம்பிக் நடந்தபோது, புழுக்கம் குதிரைகளைக் கொன்றுவிடுமோ என்ற பயம் எழுந்தது. நம் காயல் கரையிலும் இருந்த அதே புழுக்கம்தான். அதற்காக முன்கூட்டியே ஆராய்ச்சி நடத்தினார்கள். குதிரைகளை வெயிலுக்குப் பழக்கினார்கள். கூடுதல் ஓய்வு, நீர்த்தூவல் விசிறி, உடம்பில் குளிர்ந்த நீர் என்று ஏற்பாடு செய்தார்கள். 2021-ல் டோக்கியோவில் வெயில் ஏறுமுன் காலையிலேயே நெடுந்தூர ஓட்டத்தை நடத்தினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் போட்டியில் கலந்துகொண்ட இந்தியர் ஃபுவாத் மிர்சா, 23-ஆம் இடம் பெற்றார்.

போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு குதிரையையும் வைத்தியர் முன்னிலையில் நடத்தியும் ஓட்டியும் காட்டவேண்டும். கடைசிக் கட்டத்துக்கு முன் மறுபடியும் காட்டவேண்டும். கால் நொண்டினால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய குதிரையானாலும் போட்டியில் இறக்க முடியாது.

காயலில் ஆண்டுக்கு 22 லட்சம் தினார் கொட்டிக் கொடுத்த பாண்டியர்களுக்கு, குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.