முதல் வரியின் அருமை அறிந்த மூதறிஞர்: டாக்டர் ஜான்சன்

ஆங்கில உரைநடையை வளப்படுத்திய பெருமக்களுள் டாக்டர் சாமுவேல் ஜான்சன் முன்வரிசையில் நிற்பவர். அகராதி கண்ட அறிஞர் என்றே பலரும் அவரை அறிவர். ஒரு கட்டுரையை எங்ஙனம் தொடங்குவது என்னும் வினாவையே பொருளாகக் கொண்டு, தாம் நடத்திய இதழின் முதற்கட்டுரையை எழுதியவரும் அவரே. இலக்கியக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்க்கு அவர்தம் வாழ்வும் எழுத்தும் சிறந்த பாடமாக அமையும்.

இளமையும் வறுமையும்

ஜான்சன் 1709ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு நகரில் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்சன் புத்தக வணிகர். குழந்தைப் பருவத்திலேயே பற்றிய கண்டமாலை நோய் அவருடைய பார்வையையும் செவிப்புலனையும் பழுதுபடுத்தியது. எனினும், தந்தையின் கடையில் அடுக்கப்பட்டிருந்த நூல்கள் அவருக்குப் பெருஞ்செல்வமாயின. 1728இல் ஆக்ஸ்ஃபோர்டு பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய கிழிந்த காலணிகளைக் கண்டு இரங்கிய ஒருவர், அறை வாயிலில் புதிய காலணிகளை வைத்துச் சென்றாராம். அந்த இரக்கத்தை ஏற்கும் மனமின்றி ஜான்சன் அவற்றை எறிந்துவிட்டார். பொருள் வசதியின்மையால் ஏறத்தாழப் பதின்மூன்று திங்களிலேயே பட்டம் பெறாது வெளியேறினார்.

பின்னர் அவர் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. 1737இல், தம் மாணவரும் பிற்காலத்தில் புகழ்மிக்க நடிகராக விளங்கியவருமான டேவிட் காரிக்குடன் இலண்டன் நகரை அடைந்தார். எழுதினால்தான் உணவு என்னும் நிலை. இதழ்களுக்கு எழுதியும் மொழிபெயர்த்தும் காலம் கழித்தார். தம் வறுமைக்காலத் தோழரான ரிச்சர்டு சாவேஜ் என்னும் கவிஞர் 1743இல் சிறையில் மறைந்தபோது, அவருடைய வரலாற்றை எழுதி 1744இல் வெளியிட்டார். அந்நூல் சாவேஜின் பிறப்பைக் கூறித் தொடங்கவில்லை. பிறவியாலும் செல்வத்தாலும் வாய்க்கும் மேன்மைகள் மனிதர்க்கு மகிழ்ச்சி தருவது அரிது என்னும் பொதுவுண்மையைக் கூறித் தொடங்குகிறது. பின்னர் வரும் துயர வரலாறு முழுவதும் அவ்வுண்மைக்குச் சான்றாக விரிகிறது.

தொடக்கம் பற்றிய தொடக்கம்

1746இல் அகராதிப் பணியை மேற்கொண்ட ஜான்சன், அதனிடையே 1750 மார்ச்சு 20இல் 'ராம்ப்ளர்' என்னும் இதழைத் தொடங்கினார். செவ்வாய், சனி என வாரம் இருமுறை வெளிவந்த அவ்விதழ் 208 எண்கள் வரை நீடித்தது. ஒரு சிலவற்றைத் தவிர அனைத்தும் அவர் எழுதியனவே. பல கட்டுரைகள் அச்சகத்தார் காத்திருக்க அவசரத்தில் எழுதப்பட்டவை.

அதன் முதற்கட்டுரை, புதிதாக ஓர் அவையை நோக்கிப் பேசத் தொடங்குபவனின் இடர்ப்பாட்டை ஆராய்கிறது. காப்பியப் புலவர்க்கு முன்னோர் வகுத்த தொடக்க மரபு உண்டு. நம் காப்பியங்களில் காப்பும் அவையடக்கமும் அமைவது போன்றது அது. கட்டுரையாளனுக்கோ அத்தகைய மரபு இல்லை. தன்னைப் புகழ்ந்து தொடங்கினால் செருக்கு எனப்படும். மிகத் தாழ்ந்து தொடங்கினால் படிப்பவர் அவனைப் பொருட்படுத்தார். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண வேண்டிய பொறுப்பு எழுதுபவனையே சாரும் என்பதை அக்கட்டுரையால் உணரலாம்.

1752 மார்ச்சு 14இல் அவ்விதழ் நின்றது. மூன்று நாள்களில் அவருடைய மனைவியார் மறைந்தார். அத்துயரிடையேயும் உழைத்து, 1755இல் 42,773 சொற்கள் கொண்ட அகராதியை இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் புகழ் வறுமையைப் போக்கவில்லை. மறு ஆண்டே கடனுக்காகக் கைது செய்யப்பட்டு, நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் உதவியால் மீண்டார். 1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை வழங்கிய பின்னரே கவலை தணிந்தது.

திறனாய்வில் கண்ட நெறி

1765இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பதிப்பித்து முன்னுரை வரைந்தார். அம்முன்னுரை ஷேக்ஸ்பியரைப் புகழ்ந்து தொடங்கவில்லை. அவர் பெயரும் முதல் வரியில் இல்லை. இறந்தோரையே உலகம் மிகுதியாகப் போற்றுகிறது என்று சிலர் கூறும் குறையை முதலில் எடுத்து வைக்கிறது. அக்குறைக்கு விடை காணும் முயற்சியில், நெடுங்காலம் நின்று நிலைத்தலே இலக்கியத்தின் உரைகல் என்னும் கருத்துப் பிறக்கிறது. அதன் பின்னரே ஷேக்ஸ்பியர் அவ்வுரைகல்லில் வைக்கப்படுகிறார். முதல் வரி எழுப்பிய வினாவே கட்டுரையை நடத்திச் செல்கிறது.

முதுமையில், 1779 முதல் 1781 வரை, ஐம்பத்திரண்டு கவிஞர்களின் வரலாறுகளை வெளியிட்டார். அவற்றின் தொடக்கங்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. கௌலியின் வரலாறு, அவரைப் பற்றி முன்பு எழுதப்பட்ட நூலின் போதாமையைச் சுட்டித் தொடங்கும். மில்டன் வரலாறு, முன்னரே பலர் எழுதிவிட்ட செய்தியை ஒப்புக்கொண்டு தொடங்கும். போப்பின் வரலாறோ பிறந்த நாளையும் பெற்றோரையும் நேரே கூறித் தொடங்கும். பொருள் எதை வேண்டுகிறதோ அதுவே முதல் வரி ஆயிற்று.

ஒன்றையும் மறைத்தலாகாது. மில்டனின் 'லிசிடஸ்' என்னும் கவிதையை ஜான்சன் கடிந்துரைத்ததைப் பிற்காலத் திறனாய்வாளர் பலர் ஏற்கவில்லை. உறுதியான நடை சரியான தீர்ப்புக்கு உறுதிமொழி ஆகாது. முதல் வரியின் அழகைச் சான்றுகள் தாங்கி நிற்றல் வேண்டும்.

1784 டிசம்பர் 13இல் அப்பெருமகனார் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தேர்வு மண்டபத்தில் அமரும் நம் மாணவருள் பலர், எந்நூலுக்கும் பொருந்தும் ஒரே புகழுரையை மனப்பாடம் செய்துவந்து முதல் வரியாக எழுதுகின்றனர். எல்லா நூலுக்கும் பொருந்துவது எந்நூலையும் விளக்காது. நூலைப் படித்தபின் உள்ளத்தில் எழுந்த வினா யாது, அதனை மறுப்பவர் என் சொல்வர், அதற்கு நூலுள் சான்று எங்கே உள்ளது என்று எண்ணிப் பார்த்தால் முதல் வரி தானே பிறக்கும். ஐயந்தோன்றின் கட்டுரையை முடித்தபின் முதல் வரியை மீண்டும் படித்துப் பார்க்கலாம். அது கேட்டதைக் கட்டுரை கொடுத்திருந்தால் அவ்வரி நிற்கட்டும். கொடுக்கவில்லையேல் இரண்டில் ஒன்றைத் திருத்துதல் கடனாகும்.