இரட்டைப்புலவர்

தமிழ்ப் புலவர் வரிசையில், இருவர் இணைந்தே ஒரு பெயர் பெற்றோர் இரட்டைப்புலவர். முதுசூரியர், இளஞ்சூரியர் என்பன அவர்தம் பெயர்கள். சோழநாட்டில் பிறந்த இவர்கள் அத்தை மகனும் அம்மான் மகனும் ஆவர். வில்லிபுத்தூராரைப் புரந்த வரபதியாட்கொண்டானே இவர்களையும் ஆதரித்த வள்ளல் என்பர்.

தோளும் கண்ணும்

இவ்விருவருள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். இக்குறைகள் பிறவியிலேயே அமைந்தவை என்பது வழிவழி வரும் செய்தி. பார்வையற்றவர் மற்றவரைத் தோளில் சுமந்தார்; தோள்மேல் இருந்தவர் வழி கூறினார். சுமந்தவர், சுமக்கப்பட்டவரின் சொல்லை நம்பியே அடியெடுத்து வைத்தார். எனவே, அவ்வுறவில் கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர் என்னும் பிரிவு இல்லை.

இவ்வாறே இருவரும் ஊர்தோறும் சென்று கோயில்களைப் பாடினர். காஞ்சிக்குச் செல்லும் நெடுவழியிலுள்ள வேலப்பன்சாவடி போன்று, சாவடி என முடியும் ஊர்ப்பெயர்கள், வழிப்போக்கர் நடந்து களைத்துத் தங்கிய காலத்தை இன்றும் நினைவூட்டும். அத்தகைய நெடும்பயணங்களை இருவரும் ஒருவராய் மேற்கொண்டனர்.

இருவர் பாடிய ஒரு பாடல்

வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் முடிப்பது இவர்களது வழக்கம். மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் பார்வையற்றவர் ஆடையைத் துவைத்தபோது, அது கைநழுவி நீரில் சென்றது. கரையிலிருந்து அதனைக் கண்டவர், ஓயாமல் அடித்துத் துவைத்தால் ஆடையும் நம்மை விட்டுத் தப்பியோடாதோ எனச் சிலேடையாகப் பாடினார். ஆடை போனால் என்ன, சொக்கநாதர் துணை உண்டு எனப் பார்வையற்றவர் அதனை நிறைவு செய்தார் என்பர். இழப்பைக் குற்றமாக்காமல் நகைச்சுவையாக்கியது அவர்தம் அன்பு.

தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியன இவர்கள் இயற்றிய நூல்கள். கலம்பகம் பாடுவதில் வல்லவர் என்னும் புகழ் இன்றும் இவர்களுக்கே உரியது.

வீடுதோறும் ஒரு பாடம்

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு முதல் தோழமை பெரும்பாலும் உடன்பிறந்தாரே. கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அண்ணனோ தங்கையோ, அக்குழந்தையின் விருப்பத்தைக் கேட்காமல் உதவினால், அவ்வுதவியே தளையாகிவிடும். அவ்வாறே, உதவும் பிள்ளையும் ஒரு குழந்தையே என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. அதற்கும் விளையாட்டும் பெற்றோரின் கவனமும் வேண்டும். பொறுப்பு முழுவதையும் அதன் தோளில் ஏற்றுதல் தகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. அக்கல்வியின் முதல் வகுப்பறை வீடே. ஒருவர் தோளும் மற்றவர் கண்ணும் சமமாக மதிக்கப்படும் வீட்டில், இரட்டைப்புலவர் காட்டிய உறவு தொடர்ந்து வாழும்.