அரசி கத்தரீன் அம்மையார்

ஜூபிலி மலரில் புனிதர் ஒருவரின் சரிதையை எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே நாம் சொல்லப்போகும் அம்மையாருக்குத் திருச்சபை புனிதர் பட்டம் அளிக்கவில்லை. பீடத்தில் அவருடைய சுரூபம் இல்லை. அவர் பெயரால் நவநாளும் இல்லை. ஆயினும், பீடத்தின் முன் கொடுத்த திருமண வாக்கு எவ்வளவு கனமானது என்பதை இவரைப்போல் அனுபவித்து அறிந்தவர்கள் சரித்திரத்தில் மிகச் சிலரே.

ஸ்பெயின் நாட்டுப் பெர்தினாந்து மன்னருக்கும் இசபெல்லா அரசிக்கும் கடைசி மகளாக 1485 டிசம்பர் 16-இல் பிறந்தவர் கத்தரீன். இக்குடும்பத்துக்கும் நமக்கும் தூரத்துத் தொடர்பு ஒன்று உண்டு. கத்தரீனின் தமக்கை மரியா போர்த்துக்கல் நாட்டு அரசரை மணந்தார். அவருக்குப் பிறந்த மூன்றாம் ஜான் மன்னர்தான் புனித சவேரியாரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியவர். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தது அவ்வாறுதான்.

கத்தரீனுக்கு மூன்று வயதிலேயே இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தருடன் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். 1501 அக்டோபரில் பிளிமத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. நவம்பர் 14-இல் இலண்டன் புனித சின்னப்பர் பேராலயத்தில் திருமணம். ஐந்து மாதங்கூட நிறையவில்லை. 1502 ஏப்ரல் 2-இல் ஆர்தர் நோயுற்று இறந்தார். பதினாறு வயதில், பாஷை தெரியாத ஊரில், கத்தரீன் விதவையானார்.

அதற்குப்பின் நடந்தது நம் வீடுகளில் கேள்விப்படாத கதையன்று. பேசிய சீர்ப்பணம் 2,00,000 கிரவுன். வந்தது அதில் பாதி. மீதியை அனுப்பப் பெண்ணின் தகப்பனாருக்கு மனமில்லை. வந்ததைத் திருப்பிக் கொடுக்க மாமனார் ஏழாம் ஹென்றிக்கும் மனமில்லை. இரண்டு அரசர்களும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் அந்தப் பெண் ஏழு ஆண்டுகள் திண்டாடினார். தம் வெள்ளிப் பாத்திரங்களை விற்றும் அடகு வைத்தும் வேலையாட்களின் வயிற்றை நிரப்பினார். 1507-இல் தந்தை அவரையே தம் தூதராக நியமித்தார். அரசவையில் ஒரு பெண் தூதராக நின்றது அக்காலத்தில் பெரும் புதுமை.

1509-இல் மாமனார் இறந்தார். ஆர்தரின் தம்பி எட்டாம் ஹென்றி அரியணை ஏறி, ஜூன் 11-இல் கத்தரீனை மணந்தார். அண்ணன் மனைவியைத் தாய்க்குச் சமமாக எண்ணும் நமக்கு இது நெருடலாகத் தோன்றும். அங்கேயும் நெருடல் இருந்தது. அதனால்தான் பாப்பரசர் இரண்டாம் ஜூலியுஸிடம் 1503-இலேயே முறைப்படி விலக்குப் பெற்றிருந்தார்கள். ஆர்தருடன் தாம் கணவன் மனைவியாக வாழவே இல்லை என்பதைக் கத்தரீன் கடைசிவரை உறுதியாகச் சொன்னார்.

முதல் ஆண்டுகள் மகிழ்ச்சியானவை. 1513-இல் மன்னர் பிரான்சுக்குப் போருக்குச் சென்றபோது நாட்டின் பொறுப்பை அரசியிடமே விட்டுச் சென்றார். அவ்வேளையில்தான் படையெடுத்து வந்த ஸ்காத்லாந்து மன்னர் பிளாடன் களத்தில் வீழ்ந்தார். 1517 மே மாதம் இலண்டன் வேலைப் பையன்கள் அந்நியர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டுத் தூக்குக்குக் காத்திருந்தபோது, அவர்களை மன்னிக்கும்படி மன்னரிடம் மன்றாடியவர் அரசி; அவரும் ஓர் அந்நிய நாட்டுப் பெண்தான்! இலண்டன் தாய்மார்கள் அதை மறக்கவில்லை.

ஆனால் தொட்டில் நிறையவில்லை. 1511 புத்தாண்டன்று பிறந்த ஆண் குழந்தை இரண்டு மாதம் முடியுமுன் இறந்தது. பிறந்த பிள்ளைகளில் பிழைத்தது 1516-இல் பிறந்த மேரி ஒருத்தியே. ஆண் வாரிசு இல்லாவிட்டால் நாடு மீண்டும் உள்நாட்டுப் போரில் விழும் என்ற மன்னரின் அச்சம் வீணானதென்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அச்சத்தோடு, அரண்மனைப் பணிப்பெண் ஆன் போலின் மீது கொண்ட ஆசையும் சேர்ந்துகொண்டது. 1527 முதல், அண்ணன் மனைவியை மணந்தது இறைச்சட்டத்துக்கு விரோதம், ஆகவே அது திருமணமே அல்ல என்று ஹென்றி வாதாடலானார்.

உரோமையிலிருந்து வந்த கர்தினால் கம்பெஜியோ, கன்னியர் மடத்தில் சேர்ந்துவிடலாமே என்று அரசிக்கு யோசனை கூறினார். மானமும் வசதியும் குறையாத வழிதான். ஆனால் அரசி இணங்கவில்லை. திருமணம் செல்லாது என்று ஒப்புக்கொண்டால் தம் வாழ்வு பொய்யாகும். மகள் முறைகேடாய்ப் பிறந்தவள் ஆவாள்.

1529 ஜூன் 21-இல் பிளாக்பிரையர்ஸ் மடத்தில் நீதிமன்றம் கூடியது. அரசி நேரே மன்னரிடம் சென்று, எல்லாரும் பார்க்க முழந்தாளிட்டார். இருபது ஆண்டுகள் உண்மையான மனைவியாய் வாழ்ந்ததை நினைவூட்டி, தம் வழக்கை உரோமையே தீர்க்கட்டும் என்று கூறி வெளியே நடந்தார். மூன்றுமுறை அழைத்தும் திரும்பவில்லை.

1531-இல் மன்னர் சொல்லாமலே அவரைப் பிரிந்து சென்றார். அதற்குப்பின் கணவரையும் காணவில்லை. மகளைக் காணவும் அனுமதி இல்லை. 1533-இல் பேராயர் கிரான்மர் அத்திருமணம் செல்லாதென்று தீர்ப்பளித்தார். இனி நீர் அரசி அல்ல, ஆர்தரின் விதவை மட்டுமே என்று அறிவிக்க வந்தவர்களின் தாளை வாங்கி, அந்தப் பட்டம் இருந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துவிட்டார். மறு ஆண்டு மார்ச் 23-இல் பாப்பரசர் ஏழாம் கிளமெந்து அவருடைய திருமணம் செல்லும் என்று தீர்த்தார். ஏழு ஆண்டு தாமதித்து வந்த அத்தீர்ப்பால் அவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் பக்கம் நின்று வாதாடிய ஆயர் புனித ஜான் பிஷர், மன்னரைத் திருச்சபைக்குத் தலைவராக ஏற்க மறுத்ததால் 1535-இல் தலை வெட்டப்பட்டார்.

அரசியின் சகோதரி மகன் ஐந்தாம் சார்லஸ், ஐரோப்பாவின் பெரும் பேரரசர். படை திரட்டலாம் என்று தூதர் தூண்டியும், கணவருக்கெதிராக ஆயுதம் எடுப்பது பாவம் என்று அம்மையார் மறுத்துவிட்டார்.

கிம்போல்டன் கோட்டையில், 1536 ஜனவரி 7-ஆம் நாள் அவருடைய முடிவு நெருங்கியது. விடியுமுன்பே பூசை வைக்க ஆன்மகுரு முன்வந்தார். உரிய நேரம் வருமுன் பூசை கூடாது என்று அந்நிலையிலும் தடுத்து, பொழுது விடியக் காத்திருந்து தேவநற்கருணை வாங்கினார். பிற்பகலில் உயிர் பிரிந்தது. பீட்டர்பரோ மடத்துக் கோவிலில் ஆர்தரின் விதவை என்ற பட்டத்தோடு அடக்கம் செய்தார்கள். மன்னர் வரவில்லை, மகளை வரவிடவும் இல்லை.

அந்த மகள் 1553-இல் அரசியானதும், தாயின் திருமணம் செல்லும் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மேரியின் ஆட்சியில் நடந்த கொடுமைகள் வேறு கதை.

1643-இல் கிராம்வெல்லின் போர்வீரர்கள் கத்தரீனின் கல்லறையை உடைத்தார்கள். பிற்காலத்தில் அதைச் சீராக்கியவர்கள் அதன்மேல் பொன்னிற எழுத்துகளில் இங்கிலாந்தின் அரசி கத்தரீன் என்று பொறித்தார்கள். அங்கே செல்பவர்கள் அவருடைய சின்னமான மாதுளம்பழத்தை அக்கல்லின்மேல் வைத்துவிட்டு வருகிறார்கள்.