கல்வித்தாய் சாவித்திரிபாய் புலே

மராட்டிய மாநிலம் சதாரா மாவட்டத்தில் உள்ள நைகாவ் என்னும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். அக்கால வழக்கப்படி ஒன்பதாம் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. பெண்கள் எழுத்தறிவு பெறுதல் தகாது எனப் பலரும் கருதிய காலம் அது. எனினும், கணவர் ஜோதிராவ் புலே அவருக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார்.

1848ஆம் ஆண்டு புனே நகரில், பிடே வாடா என்னும் கட்டடத்தில் இருவரும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். சாவித்திரிபாய் அங்கே ஆசிரியரானார். அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் சிலர் சேற்றையும் சாணத்தையும் அவர்மீது எறிந்தனர். அவர் கலங்கவில்லை. மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார். பள்ளியை அடைந்ததும் அதனை உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். பின்னர், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்கும் பள்ளிகள் தோன்றின. நல்லோர் அளித்த நன்கொடை அப்பள்ளிகளுக்குத் துணை நின்றது.

வறியோர் வீட்டுக் குழந்தைக்குப் புத்தகம் மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். பொதுக்கிணற்றில் நீர் எடுக்க உரிமையற்றிருந்த மக்களுக்காக, 1868ஆம் ஆண்டு புலே இணையர் தம் வீட்டு நீர்நிலையைத் திறந்துவிட்டனர். 1876ஆம் ஆண்டு தக்காணத்தைப் பெரும்பஞ்சம் தாக்கியது. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என நம் முன்னோர் நினைவில் நின்ற பஞ்சமும் அதுவே. அப்போது புலே இணையர், ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தின் தோழர்களுடன் சேர்ந்து, பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவு கிடைக்க வழி செய்தனர்.

1890ஆம் ஆண்டு ஜோதிராவ் மறைந்தார். ஆயினும் சாவித்திரிபாயின் தொண்டு ஓயவில்லை.

1896ஆம் ஆண்டு மும்பையில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய், விரைவில் புனேக்கும் பரவியது. எலிகளின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சிகளால் பரவும் நோய் இது. கடுங்காய்ச்சல் வரும், அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். நோயுற்றோரை நெருங்கவே மக்கள் அஞ்சினர். நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள் பெரிதும் துன்புற்றனர்.

புலே இணையர் தத்தெடுத்து வளர்த்த மகன் யஷ்வந்த், ஒரு மருத்துவர். அவருடன் இணைந்து சாவித்திரிபாய், புனேக்கு வெளியே ஹடப்சர் அருகில் நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. அவர் தாமே குடியிருப்புகளுக்குச் சென்று நோயுற்றோரை அழைத்து வந்தார்.

ஒருநாள் முந்த்வா என்னும் ஊரில், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயால் துடிப்பதை அறிந்தார். அச்சிறுவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். சாதியின் பெயரால் ஊரார் தொட மறுத்த குடியில் பிறந்த குழந்தை அவன்; நோயின் பெயரால் எவரும் தொட அஞ்சிய குழந்தையும் அவனே. அவ்விரு தடைகளையும் அவர் பொருட்படுத்தவில்லை. நோய் அவரையும் பற்றியது. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இன்று புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எழுத்தைக் கற்பிப்பதோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. குழந்தையின் தாகத்தையும் பசியையும் பிணியையும் தம்முடையனவாகக் கருதுவதும் கல்வித்தொண்டே என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

சொற்பொருள்
இணையர் – கணவனும் மனைவியும்
வறியோர் – ஏழைகள்
பிணி – நோய்

சிந்தித்து விடையளிக்க
1. சாவித்திரிபாய் மாற்றுப் புடவையைக் கொண்டு சென்றது ஏன்?
2. முந்த்வாச் சிறுவனைச் சுமந்தபோது அவர் கடந்த இரு தடைகள் யாவை?
3. நோய் பரவும் காலத்தில் ஒரு பள்ளி தன்னைச் சுற்றி வாழும் ஏழைகளுக்கு எவ்வாறு உதவலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.